கருவி கற்றால் போதுமா?

வரைகலை வடிவமைப்பு இன்று நம் இளைஞரிடையே பெருங் கவர்ச்சி பெற்ற தொழில்களுள் ஒன்றாகிவிட்டது. பட்டினங்களிலும் சிற்றூர்ச் சந்திகளிலும் அதனைக் கற்பிக்கும் நிலையங்கள் பல தோன்றியுள்ளன. மூன்று மாதம், ஆறு மாதம் என்று கால எல்லை வகுத்து, போட்டோஷொப், இலஸ்ட்ரேட்டர், கோரல்டிரோ என்று செயலிகளின் பெயர்களை அடுக்கி, அவற்றைக் கையாளத் தெரிந்தோர்க்குச் சான்றிதழ் வழங்கி அவை அனுப்பிவைக்கின்றன. இத்தொழிலுக்கு வேண்டிய அடிப்படைத் திறன்கள் யாவை என்று வினவினால், அந்தச் செயலிகளின் பெயர்ப்பட்டியலே விடையாக வருகிறது. கற்பிப்போரும் அதையே கூறுகின்றனர். வேலைக்கு ஆள் தேடுவோரும் அதையே கேட்கின்றனர். இவ்விடை குறைபாடுடையது என்பது மட்டுமன்று. மக்களுக்குத் தீங்கானது என்பதும் நமது துணிபு.

அண்மையில் அச்சகம் ஒன்றில் நாம் காத்திருக்க நேர்ந்தது. டெங்குக் காய்ச்சல் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்று கணினித் திரையில் உருவாகிக்கொண்டிருந்தது. அதனை ஆக்கிக்கொண்டிருந்த இளைஞர் கைவிரைவு உடையவர். நிறத்தேர்விலும் குறை சொல்ல முடியாது. நுளம்பின் படம் ஒன்று தாளின் அரைவாசியை நிறைத்திருந்தது. தமிழ் வாசகம் அடியில், நெருக்கப்பட்ட சிறிய எழுத்தில் ஒதுங்கிக் கிடந்தது. அதிலே கொம்புகள் தத்தம் மெய்யை விட்டுப் பிரிந்து தனியே நின்றன. எந்த அறிகுறி கண்டவுடன் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும் என்னும் வரியோ, இடம் போதாமையால் பாதியில் அறுந்திருந்தது. இதனை நாம் சுட்டியபோது அவர் திகைத்து, “நான் வாசித்துப் பார்க்கவில்லை, தொலைபேசியில் அனுப்பியதை எடுத்து ஒட்டினேன்” என்றார். அவர் தமிழர், பள்ளிக்கல்வி முழுவதையும் தமிழிற் பெற்றவர். தாம் அச்சுக்கு அனுப்பும் வாசகத்தைத் தாமே வாசிக்க வேண்டும் என்று மட்டும் அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை.

அவரை நாம் குறை கூறவில்லை. குறை அவருக்குக் கற்பித்த முறையில் உள்ளது. எழுத்தை வாசிக்கும் பொருளாகக் கொள்ளாது, நிரப்பும் பொருளாகக் கொள்ளுமாறு பழக்கியவர்களே இதற்குப் பொறுப்பாளிகள்.

நம் முன்னோரின் அச்சுத் தொழில் இவ்வாறு இருந்ததா? தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578 இல் கொல்லத்தில் வெளிவந்தது. 1849 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவினார். பதிப்புப் பணியில் அவர் பெற்ற பெயர் யந்திரத்தால் வந்ததன்று. பிழையறப் பார்த்துப் பதிப்பித்ததனால் வந்தது. அதன் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் நம் அச்சுக்கூடங்களில் நின்று உழைத்த அச்சுக்கோப்பாளர்கள் பெரும் பட்டங்கள் பெற்றவர்களல்லர். ஆயினும் அவர்கள் ஈயவெழுத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வாசிக்க வல்லவராயிருந்தனர். எழுத்தெழுத்தாகக் கையால் எடுத்துக் கோத்தமையால், ஒவ்வொரு சொல்லும் அவர்தம் விரலினூடாகவும் கண்ணினூடாகவும் சென்றது. எழுதியவர் விட்ட பிழையைக் கண்டுபிடித்து அவரிடமே திரும்பி வந்து கேட்ட அச்சுக்கோப்பாளர்களை நம் பழைய எழுத்தாளர்கள் அறிவர்.

பழமை அனைத்தும் பொற்காலம் என்று நாம் கூற வரவில்லை. மங்கிய வெளிச்சத்தில், ஈயத் தூசியில், குறைந்த கூலிக்கு அந்த மனிதர் உழைத்தனர் என்பதை மறத்தல் ஆகாது. கணினி அவர்களை அந்த வருத்தத்திலிருந்து விடுவித்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் வருத்தத்தோடு சேர்த்து வாசிப்பையும் தூக்கியெறிந்தது எந்த நியாயம்?

கருவியே கல்வி என்பாருக்கு வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1985 இல் பேஜ்மேக்கர் என்னும் செயலி வெளிவந்தது. நூலாக்கத்திற்கு அது இன்றியமையாதது என்று ஒரு தலைமுறை நம்பிற்று. 2001 இல் வந்த பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுபோயிற்று. அதன் பட்டன்களை மட்டும் மனனஞ் செய்தவர்கள் மீண்டும் அரிவரியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பக்கத்தின் அமைதியையும் எழுத்தின் இயல்பையும் வாசகரின் தேவையையும் கற்றிருந்தவர்கள் சில கிழமைகளிற் புதிய கருவிக்கு மாறிக்கொண்டனர். இன்றோ, சொன்ன மாத்திரத்தில் படம் ஆக்கித்தரும் யந்திரங்கள் வந்துவிட்டன. 2022 முதல் அவை உலகெங்கும் பரவியுள்ளன. கருவியைக் கையாளும் விரைவு ஒன்றையே முதலாகக் கொண்டவரின் பிழைப்பில்தான் அவை முதலிற் கைவைக்கும். அந்த யந்திரம் தரும் படத்தில் தமிழ் என்ற பெயரில் தமிழல்லாத கோடுகள் பலமுறை வருகின்றன. அதைத் தமிழன்று என்று கண்டு நிறுத்துவதற்கும் வாசிக்கத் தெரிந்த ஒருவரே வேண்டும்.

ஆகவே முதலாவது திறன் வாசிப்பு. இரண்டாவது, தன் மொழியின் எழுத்தை அறிதல்.

நம் நிலையங்களிற் கற்பிக்கப்படும் எழுத்துவிதிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்காக வகுக்கப்பட்டவை. தலைப்பைப் பெரிய எழுத்தில் இடுக என்பர். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. அழுத்தம் வேண்டுமிடத்து எழுத்தைச் சாய்த்து இடுக என்பர். சாய்வெழுத்து நம் எழுத்து மரபில் வளர்ந்ததன்று, யந்திரம் பலவந்தமாகச் சாய்த்த தமிழ் கண்ணை உறுத்துவது. எனவே தமிழில் அழுத்தத்தை எழுத்தின் பருமனாலும், தடிப்பாலும், சூழ உள்ள வெளியாலுமே காட்ட வேண்டும். தலைப்பை அழகுபடுத்த எழுத்துகளிடையே வெளி விடுக என்பர். ‘கொடு’ என்ற சொல்லில் அவ்வாறு வெளி விட்டால் கொம்பு ஒரு பக்கமும் அரவு மறுபக்கமும் விலகி, நடுவே ககரம் அநாதையாய் நிற்கும். விசிறியும் புள்ளியும் மேலே எழுவன. உகர ஊகாரக் குறிகளுட் பல கீழே இறங்குவன. ஆதலால் ஆங்கிலத்துக்குப் போதுமான வரியிடைவெளி தமிழுக்குப் போதாது. ஒரு வரியின் கால் அடுத்த வரியின் தலையில் மிதிக்கும்.

இன்னும் நுண்ணியவை உள. ரகரத்தின் காலை அறுத்து அதனை அரவைப் போலவே ஆக்கிவிட்ட எழுத்துருக்கள் பல நம்மிடையே புழங்குகின்றன. அவற்றில் ‘தரம்’ எது, ‘தாம்’ எது? ‘கரடு’ எது, ‘காடு’ எது? தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய பத்தியில் அவற்றைப் பிரித்தே ஆக வேண்டும். ‘மக்கள்’ என்பதை ‘மக்’ என்றும் ‘கள்’ என்றும் பிரிக்கலாம். ‘ம’ என்று நிறுத்தி அடுத்த வரியைப் புள்ளியெழுத்தோடு தொடங்கலாகாது. யந்திரம் இதனை எப்போதும் அறியாது. வடிவமைப்பாளர் அறிந்திருக்க வேண்டும். தகரம் நகரமானால் தாய் நாயாகிவிடுவாள். பஸ் வண்டியின் ஆசனத்தின் மேல் எழுதும் ஒருவர் அதை அறியாதிருப்பின், அவமதிக்கப்படுபவள் கர்ப்பிணியான ஒரு பெண்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் திரையிற் காண்பது தமிழாயினும் உள்ளே பதிந்திருப்பது ஆங்கில எழுத்தின் குறியீடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும். தேடினாலும் அகப்படாது, கண்பார்வையற்றோர்க்கு வாசித்துக்காட்டும் கருவியாலும் வாசிக்க இயலாது. 1991 இல் வெளிவந்த முதலாவது யூனிகோட் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இருந்தும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பழைய பழக்கத்தை விடாத அச்சகங்கள் உள. சோம்பல் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் சூட்ட நமக்குத் தெரியவில்லை.

மூன்றாவது திறன் கணக்கு. கலைஞனுக்குக் கணக்கு எதற்கு என்று சிலர் நகைக்கலாம். வியன்னா நகரில் 1925 இல் ஒட்டோ நொய்ராத் என்னும் அறிஞர் ஓர் அருங்காட்சியகம் நிறுவினார். வீட்டுவசதி, நோய், தொழில், வேலையின்மை ஆகியன பற்றிய புள்ளிவிவரங்களைத் தொழிலாள மக்கள் பார்த்த மாத்திரத்தில் விளங்கிக்கொள்ளுமாறு படங்களாக்குவதே அதன் பணி. பின்னர் ஐசோடைப் என்று பெயர் பெற்ற முறை அதுவே. அம்முறையின் அடிப்படை விதி எளியது: தொகை இரட்டித்தால் உருவை இரு மடங்கு பெரிதாக்காதே, அதே அளவான உருவை இரண்டு தரம் போடு. ஏனெனில் உயரத்தை இரட்டித்தால் அகலமும் இரட்டித்துப் பரப்பு நான்கு மடங்காகும். கண் நான்கு மடங்கென்றே கொள்ளும். படம் பொய் சொல்லிவிடும். நம் பத்திரிகைகளிலும் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும் இந்தப் பொய் தினமும் அச்சாகிறது. தெரிந்து செய்வோர் ஏமாற்றுக்காரர்; தெரியாது செய்வோர் ஏமாற்றுக்காரரின் கையாட்கள்.

அந்த வியன்னாக் குழுவிலே மேரி ரைடமைஸ்டர் என்னும் பெண்மணி இருந்தார். பின்னர் நொய்ராத்தை மணந்து மேரி நொய்ராத் ஆனவர். அறிஞர் திரட்டிய தரவுகளைப் படித்து, அவற்றுள் மக்களுக்கு வேண்டியது எது, எதை முன்வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதே அவரது கடமை. உருக்களைச் செதுக்கும் பணி கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியருடையது. வரைவதற்கு முன் விளங்கிக்கொள்ளும் வேலை ஒன்று உண்டு என்றும், அது தனித்ததொரு தொழில் என்றும் அவர்கள் கண்டனர். நம் நிலையங்களின் பாடத்திட்டத்தில் இவ்வேலைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கப்பட்டுள்ளதா?

நான்காவது திறன் வாசகரை அறிதல். அழகு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அழகு யாருக்காக என்று கேட்கிறோம். நல்லெண்ணமும் கூட அறிவின்றிக் கெடுதல் விளைக்கும் என்பதற்கு அமெரிக்காவிலே ஒரு சான்று உண்டு. 2000 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில், புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்து வாக்குச்சீட்டில் பத்து வேட்பாளர்களின் பெயர்கள் இடம்பெற வேண்டியிருந்தன. முதியோர் வாசிப்பதற்கு வசதியாக எழுத்தைப் பெரிதாக்கினர். பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. எதிரெதிரான இரு பக்கங்களிற் பெயர்களை இட்டு, துளையிடும் இடங்களை நடுவில் ஒரே நிரலாக வைத்தனர். இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்த அல் கோருக்குரிய துளை மூன்றாவது. இரண்டாவது துளையோ வலப்பக்கத்து முதல்வரான புக்கனனுக்கு உரியது. 19,000 இற்கும் மேற்பட்ட சீட்டுகள் இரு துளை விழுந்து செல்லாதனவாயின. மாநிலம் முழுவதிலும் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த வாக்குகள் 537 மட்டுமே. அந்தச் சீட்டிலே நிறப்பிழை இல்லை, எழுத்துப்பிழை இல்லை. அதைக் கையிலெடுக்கும் முதியவரின் கண் எவ்வழியே செல்லும் என்பதை ஒருவரும் முன்கூட்டி நன்கு சோதித்தறியவில்லை, பிழை அவ்வளவே. ஓர் ஆட்சியையே மாற்றக்கூடிய பிழை அது.

மாறாக, வாசகரை அறிந்து செய்த வேலை எப்படியிருக்கும் என்பதற்குப் பிரித்தானியாவில் 1965 இல் நடைமுறைக்கு வந்த வீதிக்குறிகள் சான்று. அவற்றை ஆக்கியவர்கள் ஜொக் கின்னியர், மார்கிரெட் கல்வேர்ட் ஆகிய இருவர். பள்ளிச் சிறுவர் வீதியைக் கடப்பதைக் காட்டும் பழைய குறியில், தொப்பியணிந்த பள்ளிமாணவன் ஒருவன் சிறுமி ஒருத்தியை அழைத்துச் சென்றான். உயர்தரப் பள்ளியின் வாடை வீசும் உருவம் அது. கல்வேர்ட் அதனை மாற்றிச் சிறுமி சிறுவனைக் கைப்பிடித்துச் செல்வதாக வரைந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொதுவாக வேண்டும் என்பது அவர் நோக்கம். வீதியோரத்து முக்கோணப் பலகை ஒன்றிலே வர்க்கமும் ஆண்பெண் பேதமும் ஒளிந்திருந்ததைக் காணும் கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண்ணை எந்தச் செயலி தரும்?

நம் நாட்டுக்கு வருவோம். 1956 இன் தனிச்சிங்களச் சட்டம் தமிழைக் கந்தோர்களிலிருந்து அகற்றிற்று. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என்று எழுதிற்று. இவ்விரு ஆண்டுகளுக்கிடையே இந்நாடு கொடுத்த விலை என்ன என்பதை நாம் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் சட்டத்தில் எழுதிய உரிமை மக்களின் கண்ணுக்குத் தெரிவது பெயர்ப்பலகையிலும், படிவத்திலும், அறிவித்தலிலுமே. அங்கு என்ன காண்கிறோம்? நீளமான தமிழ்ச் சொற்களைக் குறுகிய இடத்தில் இருபக்கமும் நெருக்கி, ஈர்க்குக் கட்டுப் போலாக்கி வைத்திருப்பதைக் காண்கிறோம். எழுத்துமாறிப் பொருள்மாறிய பலகைகளைக் காண்கிறோம். படிவங்களிலே தமிழ்ப் பெயர் எழுதப் போதாத கட்டங்களைக் காண்கிறோம். இவை எல்லாம் வேண்டுமென்றே செய்த பாதகங்கள் என்று நாம் சாதிக்கவில்லை. பல, அறியாமையின் விளைவுகள். ஆனால் பாதிக்கப்படுபவனுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு மொழிக்கு ஒதுக்கும் இடத்தின் அளவு அம்மொழி பேசும் மக்களுக்கு அளிக்கும் மதிப்பின் அளவு. இதனை உணர்ந்த வடிவமைப்பாளர், தம் பலகையை வரையும்போதே மூன்று வாசகங்களையும் ஒருங்கே வைத்துத் திட்டமிடுவார். முதல் மொழியை முடித்துவிட்டு மிச்சத்தில் மற்றதைத் திணிக்கமாட்டார். சிங்களம் பேசும் வடிவமைப்பாளர் தமிழ் எழுத்தையும், தமிழ் பேசுபவர் சிங்கள எழுத்தையும் அடையாளங்கண்டு பிழையறியும் அளவுக்கேனும் கற்றல் இந்நாட்டில் இத்தொழிலுக்கு இன்றியமையாத திறன் என்றே நாம் கூறுவோம்.

இறுதியானது, மறுக்கும் திறன். 1964 இன் தொடக்கத்தில் கென் கார்லண்ட் என்னும் வடிவமைப்பாளர் இலண்டனில் ஓர் அறிக்கை வெளியிட்டார். 22 பேர் அதிற் கைச்சாத்திட்டனர். பூனைத்தீனியும் பற்பசையும் சலவைத்தூளும் விற்பதிலேயே இத்தொழிலின் ஆற்றலெல்லாம் வீணாகின்றது. வீதிக்குறிகள், நூல்கள், கல்விச் சாதனங்கள் போன்ற பயனுள்ள பணிகள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன என்பது அதன் சாரம். விளம்பரத்தை அடியோடு ஒழிக்குமாறு அவர்கள் கேட்கவில்லை; முதன்மையை மாற்றுமாறே கேட்டனர். 2000 ஆம் ஆண்டை அண்டி 33 பேர் அதனைப் புதுப்பித்து வெளியிட வேண்டியிருந்தமை, நோய் தீரவில்லை என்பதையே காட்டுகிறது. வட்டிக் கடனின் நிபந்தனையைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒளித்து வைக்குமாறு கேட்கப்படும்போது, “முடியாது” என்று சொல்ல வேண்டியவர் யார்? அந்தச் சிறிய எழுத்தை இடும் கை வடிவமைப்பாளருடையதல்லவா?

“இதெல்லாம் வயிறு நிறைந்தவர் பேசும் பேச்சு. நிறுவனங்கள் செயலிகளைத்தான் கேட்கின்றன. வீட்டில் உலை ஏற வேண்டுமே” என்று இளைஞர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. செயலிகளைக் கற்க வேண்டாம் என்று நாம் ஒருபோதும் சொல்லவில்லை. உளி பிடிக்கத் தெரியாதவன் தச்சனாகான். ஆனால் மரத்தின் நார் எப்பக்கம் ஓடுகிறது என்று அறியாதவனும் தச்சனாகான். ஓர் இளைஞர் தனியே நின்று முதலாளியிடம் மறுப்புக் கூறுவது எளிதன்று என்பதையும் நாம் அறிவோம். அதற்காகவே இத்தொழிலாளர்கள் ஒன்றுசேர வேண்டும் என்கிறோம். ஆசிரியர்க்கும் தாதியர்க்கும் சங்கம் இருப்பது போல் இவர்க்கும் சங்கம் வேண்டும். கூலியைப் பற்றி மட்டுமன்றி, வேலையின் தரத்தைப் பற்றியும் அது பேச வேண்டும்.

கற்பிக்கும் நிலையங்களிடம் நாம் கேட்பவை சிலவே. முதற் கிழமை கணினியைத் திறக்காதீர்கள். மாணவரிடம் தாளையும் பேனாவையும் கொடுத்துத் தமிழ் எழுத்துகளைப் பெரிதாக வரையச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதிக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள அறிவித்தல்களை வரிசையில் நிற்கும் முதியவர் எப்படி வாசிக்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். அனுபவம் வாய்ந்த ஒப்புநோக்குநர் ஒருவரை அழைத்து, பிழை பார்க்கும் கலையைக் கற்பிக்கச் செய்யுங்கள். சான்றிதழ் வழங்குமுன், மருந்து உட்கொள்ளும் முறையைக் கூறும் தாள் ஒன்றை மூன்று மொழிகளிலும் ஆக்கச் சொல்லி, அதனைத் தெருவிற் செல்லும் பத்துப் பேரிடம் கொடுத்துச் சோதியுங்கள். அவர்களுக்கு விளங்கினால் சான்றிதழ் கொடுங்கள்.

அச்சகத்தில் நாம் கண்ட அந்த இளைஞர், நாம் சுட்டிய பின்னர், நுளம்பின் படத்தைச் சிறிதாக்கினார். தமிழ் வாசகத்தை மேலே கொண்டு வந்தார். அறுந்த வரியை முழுமையாக்கினார். பிறகு ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தார். அதற்கு அவருக்குப் பிடித்த நேரம் கால் மணியும் ஆகவில்லை. அவரிடம் திறமை இருந்தது, அக்கறையும் இருந்தது. அவை இரண்டும் யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் கல்வியே இல்லாதிருந்தது. அந்தக் கல்வியை ஆக்கித் தருதல் இத்துறையில் மூத்தோர் அனைவரதும் கடமையாகும்.